உமி, நார்த்தூள், சக்கை கொண்டு சாயநீரைத் தெளியவைக்கும்போது வரும் சிக்கல்கள்: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

நீலச்சாயம் கரைந்த தண்ணீரில் ஒரு சிட்டிகை நெல் உமித்தூளைப் போட்டுக் குலுக்கிவிட்டு அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். தண்ணீர் வெளுத்திருக்கும், அடியில் படிந்த தூள் கருநீலமாகக் கிடக்கும். வயலில் எரித்துத் தள்ளும் ஒரு பொருள் இவ்வளவு செய்கிறதே என்று முதல்முறை பார்க்கிற எவருக்கும் மனசு துள்ளும். எனக்கும் துள்ளியது. அடுத்த வாரம் அதே உமி, அதே சாயம், அதே கை, விடை மட்டும் வேறு. அங்கேதான் உண்மையான வேலை ஆரம்பிக்கிறது.

பல ஆண்டுகளாக மாணவர்களோடு உட்கார்ந்து இந்தக் குடுவைகளைப் பார்த்துவருகிறேன். ஏறக்குறைய எல்லாரும் ஒரே பத்துப் பன்னிரண்டு இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். அந்த இடங்களை, கண்ணில் படுகிற அறிகுறியை வைத்தே இங்கே எழுதியிருக்கிறேன். உங்களுக்கு வந்திருக்கும் கோளாறு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் தாண்டாதீர்கள்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இதைச் செய்யுங்கள்

மூன்று குடுவைகளை ஒன்றாகக் குலுக்கியில் ஏற்றுங்கள். ஒன்றில் சாயமும் தூளும். இரண்டாவதில் சாயம் மட்டும். மூன்றாவதில் தூளும் வெறும் தண்ணீரும். மூன்றுக்கும் ஒரே பிஎச், ஒரே நேரம், ஒரே வெப்பநிலை, ஒரே மாதிரி வடிகட்டல். இரண்டாவதைச் சாயக் குடுவை என்றும் மூன்றாவதைத் தூள் குடுவை என்றும் இனிமேல் சொல்கிறேன்.

இந்த இரண்டு வெற்றுக் குடுவைகளும் இல்லாமல் எந்தக் கோளாறையும் கண்டுபிடிக்க முடியாது. தண்ணீரில் குறைந்த சாயம் எங்கேயாவது போயிருக்க வேண்டுமல்லவா? தூளின் மேல் ஒட்டியிருக்கலாம். கண்ணாடியில் ஒட்டியிருக்கலாம். வடிதாளில் தங்கியிருக்கலாம். அல்லது உருமாறி நிறமில்லாத வேறு ஒரு பொருளாகத் தண்ணீருக்குள்ளேயே இருக்கலாம். நமக்கு வேண்டியது முதலாவது மட்டும்தான். தூளின் மேற்பரப்பு சாயத்தைப் பிடித்துவைப்பதற்குப் பெயர் பரப்பு கவர்தல். மற்ற மூன்றும் அதைப்போலவே தோற்றமளித்து நம்மை ஏமாற்றும். கீழே வரும் சிக்கல்களில் பாதி இந்த ஏமாற்றத்தின் வெவ்வேறு முகங்கள்.

"நீலம் போய்விட்டது, ஆனால் தண்ணீர் டீ டிகாக்‌ஷன் மாதிரி பழுப்பாகிவிட்டது"

தென்னை நார்த்தூள், மரத்தூள், மரப்பட்டை, நிலக்கடலை ஓடு ஆகியவற்றை எடுத்தவர்கள் எல்லாரும் இதைப் பார்த்திருப்பார்கள். தூளிலிருந்து டானின் (தாவரத்தின் துவர்ப்புப் பொருள்), லிக்னின் (நாரை இறுக்கிப் பிடிக்கும் பொருள்) துண்டுகள், சர்க்கரைகள் எல்லாம் கரைந்து வெளியே வருகின்றன. தூள் குடுவையைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். அதுவும் பழுப்பாக இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

தீர்வு கழுவுதல்தான். ஆனால் எப்படிக் கழுவுகிறோம் என்பதில் விஷயம் இருக்கிறது. வெந்நீரில் ஊறவைத்து, வடித்து, மறுபடி வெந்நீர் ஊற்றி, வடிகிற நீர் தெளியும்வரை செய்ய வேண்டும். நார்த்தூளுக்கு ஐந்தாறு முறைகூட ஆகலாம். பிறகு 60 முதல் 80 டிகிரி செல்சியஸில் ஓவனில் உலர்த்துங்கள்.

இவ்வளவு செய்தபின்னும் பழுப்பு வருகிறது என்று ஒருவர் குடுவையோடு வந்து நின்றார். நடுநிலைத் தண்ணீரில் கழுவியிருந்தார், சோதனையைப் பிஎச் 10-ல் செய்திருந்தார். வெறும் தண்ணீரில் கரையாத லிக்னினும் டானினும் காரத்தில் கரைந்து வெளியே வரும். ஆகவே எந்தப் பிஎச்-இல் வேலை செய்யப் போகிறீர்களோ அந்தப் பிஎச்-இல் ஒருமுறை கழுவுங்கள். 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் ஊறப்போட்டால் முதல் வடிநீர் கறுப்பாகவே வரும். பயப்பட வேண்டாம். தெளியும்வரை மாற்றிவிட்டு, கடைசியில் வடிநீர் நடுநிலைக்கு வரும்வரை நல்ல தண்ணீரில் அலசுங்கள். இதில் கூடுதல் லாபமும் உண்டு: மேலே படிந்த மெழுகு நீங்கும், எஸ்டர் பிணைப்புகள் உடைந்து கார்பாக்சில் தொகுதிகள் வெளிப்படும், மெத்திலீன் புளூ போன்ற சாயங்கள் இன்னும் நன்றாக ஒட்டும். நஷ்டமும் உண்டு: தூளின் எடை கணிசமாகக் குறையும். கழுவுவதற்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று எழுதிவையுங்கள். ஒரு கிலோ கழிவிலிருந்து கையில் மிஞ்சுவது எவ்வளவு என்று பின்னால் யாராவது கட்டாயம் கேட்பார்கள்.

பழைய ஆய்வுக் கட்டுரைகளில் மரத்தூளை ஃபார்மால்டிஹைடும் அமிலமும் சேர்த்துப் பதப்படுத்தி டானினைப் பூட்டிவைப்பார்கள். வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் பொருள். தண்ணீரைச் சுத்தப்படுத்தப் போகிற வேலையில் அதைக் கொண்டுவந்து சேர்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை. வெந்நீர் போதும்.

இன்னொன்று. பழுப்பு நிறம் குறைந்த அலைநீளங்களில்தான் அதிகமாக ஒளியை விழுங்கும். கரைசல் எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்று காட்டும் ஒளிமானியில் மெத்திலீன் புளூவை 664 நானோமீட்டரில் அளப்பவருக்கு இந்தப் பழுப்பு கருவியில் ஏறக்குறையத் தெரியவே தெரியாது. அதே தூளை வைத்து மெத்தில் ஆரஞ்சை 464 நானோமீட்டரில் அளந்தால், சாயம் குறைந்ததற்குப் பதில் கூடிவிட்டதாகக் காட்டும். கருவி கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். தூள் குடுவையின் அளவைக் கழித்துப் பாருங்கள், அதைவிட நல்லது தூளை மறுபடி கழுவுங்கள். நிறமே தெரியாவிட்டாலும் கரைந்த சர்க்கரை தண்ணீரின் ஆக்சிஜன் தேவையை, அதாவது சிஓடி அளவை, ஏற்றிவிடும். சாயத்தை எடுத்துவிட்டுச் சர்க்கரையை ஆற்றுக்கு அனுப்பினால் மீனுக்கு என்ன நன்மை? தூள் குடுவைக்கும் ஒருமுறை சிஓடி பாருங்கள்.

"நாள் முழுக்கக் குலுக்கியும் நிறம் அப்படியே இருக்கிறது"

முதல் கேள்வி: உங்கள் சாயத்தின் மின்சுமை என்ன? மெத்திலீன் புளூ, கிரிஸ்டல் வயலட், மாலகைட் கிரீன் ஆகியவை நேர்மின்சுமை கொண்டவை. காங்கோ ரெட், ரியாக்டிவ் பிளாக் 5 இரண்டும் எதிர்மின்சுமை கொண்டவை. அமிலச் சாயங்கள், ரியாக்டிவ் சாயங்கள் (துணியோடு வேதிப்பிணைப்பால் சேருபவை) பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை. தண்ணீரில் நனைந்த தாவரத் தூளின் மேற்பரப்பு, கார்பாக்சில், பீனால் தொகுதிகளால், சாதாரணப் பிஎச்-இல் எதிர்மின்சுமையோடு இருக்கும். எதிரும் எதிரும் விலகும். உமியில் மெத்திலீன் புளூ ஓடிப்போய் ஒட்டுவதும் ரியாக்டிவ் சாயம் ஏறெடுத்தும் பார்க்காததும் இதனால்தான்.

உங்கள் தூளின் மின்சுமை எந்தப் பிஎச்-இல் பூச்சியமாகிறது என்று கண்டுபிடிப்பது எளிது. 0.01 மோலார் உப்புக் கரைசலை ஆறு குடுவைகளில் 50 மி.லி. வீதம் எடுத்துக்கொள்ளுங்கள். 2, 4, 6, 8, 10, 12 என்று பிஎச்-ஐ அமைத்து, ஒவ்வொன்றிலும் 0.1 கிராம் தூள் போட்டு, இறுக மூடி 24 மணி நேரம் குலுக்குங்கள். பிறகு மறுபடி அளந்து, வைத்த பிஎச்-க்கும் வந்த பிஎச்-க்கும் உள்ள வித்தியாசத்தை வரைபடத்தில் போடுங்கள். வித்தியாசம் பூச்சியமாகும் இடம்தான் பூச்சிய மின்சுமைப் புள்ளி. அதற்கு மேலே தூள் எதிர்மின், கீழே நேர்மின். நேர்மின் சாயத்துக்கு அந்தப் புள்ளிக்கு மேலேயும், எதிர்மின் சாயத்துக்குக் கீழேயும் வேலை செய்யுங்கள்.

எதிர்மின் சாயமென்றால் பிஎச் 2 அல்லது 3-க்கு இறக்கிப் பாருங்கள், பெரும்பாலும் ஒட்டத் தொடங்கும். ஆனால் காங்கோ ரெட்டில் மட்டும் ரொம்பக் கவனம். பிஎச் 5-க்குக் கீழே அது சிவப்பிலிருந்து நீலத்துக்கு மாற ஆரம்பிக்கும். 3-க்குக் கீழே முழு நீலம், அதோடு தானாகவே திரண்டு படியவும் செய்யும். 497 நானோமீட்டரில் அளவு சரிந்துவிட்டதே என்று மகிழ்ந்து 99 சதவீதம் என்று எழுதியவர்கள் உண்டு. அதில் தூளின் பங்கு எவ்வளவு என்று சாயக் குடுவைதான் சொல்லும்.

பெரிய அளவு கழிவுநீரை எல்லாம் பிஎச் 2-க்கு இறக்கிவிட்டு மறுபடி 7-க்கு ஏற்றுவது நடைமுறைக்கு ஒத்துவராது. அமிலமும் காரமும் சேர்ந்து உப்பாகத் தண்ணீரிலேயே தங்கும். எதிர்மின் சாயம்தான் உங்கள் இலக்கு என்றால் கழுவிய வெறும் தூளோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டாம் என்பது என் கருத்து. ஒன்று, தூளின் மேல் அமோனியம் வகை நேர்மின் தொகுதிகளை ஏற்றுங்கள். அல்லது கரியாக்குங்கள். பாஸ்பாரிக் அமிலத்தில் ஊறவைத்து, காற்றில்லாமல் 450 முதல் 500 டிகிரி வரை சூடாக்கிக் கழுவினால் கிடைக்கும் கரிக்கு மின்சுமை அவ்வளவு பெரிய தடையில்லை. நுண்துளைகளும் வளையத் தொகுதிகளின் ஈர்ப்பும் வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

மின்சுமை பொருந்தியும் ஒட்டவில்லை என்றால் துகள் அளவைப் பாருங்கள். முழு உமியின் வெளித்தோல் சிலிக்காவும் மெழுகும் படிந்து வழுவழுப்பாக இருக்கும், தண்ணீரில் மிதக்கும். அரைத்துச் சலித்து, அரை மில்லிமீட்டருக்குக் கீழே கொண்டுவந்தபின் பாருங்கள்.

"தெளிந்த தண்ணீரில் நிறம் திரும்பி வந்துவிட்டது"

எனக்கு மிகப் பிடித்த கோளாறு இது. பார்த்த கண்ணுக்குள்ளேயே வேதியியல் நடக்கும்.

வாழைப்பழத்தோல் தூளும் மெத்திலீன் புளூவும் போட்டு, பிஎச் 12-ல் மூடிவைத்த ஒரு குடுவை. காலையில் வந்து பார்த்தால் தண்ணீர் கண்ணாடிபோல் தெளிந்திருந்தது. ஆனால் அடியிலிருந்த தூள் நீலமாகவே இல்லை. அதுதான் உறுத்தியது. சாயம் தூளுக்குப் போகவில்லை என்றால் எங்கே போனது? மூடியைத் திறந்து ஒரு உலுக்கு உலுக்கினோம். மேலிருந்து கீழாக நீலம் பாய்ந்து இறங்கி, குடுவை முழுவதும் பழையபடி ஆனது. பழத்தோலில் உள்ள ஒடுக்கும் சர்க்கரைகள் காரத்தில் மெத்திலீன் புளூவை ஒடுக்கி, நிறமில்லாத லியூகோ வடிவமாக மாற்றியிருந்தன. காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டதும் சாயம் மீண்டுவிட்டது. குளுக்கோசும் காரமும் சேர்த்து வகுப்பறையில் காட்டும் 'நீலப் புட்டி' சோதனை இதேதான்.

ஆகவே தெளிந்த நீரை அளப்பதற்கு முன் திறந்து, காற்றுப்பட நன்றாகக் குலுக்கிவிட்டு, பத்து நிமிடம் பொறுத்து அளக்கும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பழத்தோல் வகைகளைச் சர்க்கரை போகும்வரை வெந்நீரில் அலசாமல் காரத்தில் பயன்படுத்தாதீர்கள்.

மாலகைட் கிரீனும் கிரிஸ்டல் வயலட்டும் வேறு விதமாக ஏமாற்றும். காரத்தில் ஹைட்ராக்சைடு அயனி அவற்றின் நடுக்கார்பனோடு சேர்ந்து நிறமற்ற கார்பினால் உருவாகும். தூளே தேவையில்லை, சாயக் குடுவையும் தானாக வெளுக்கும். அமிலம் சேர்த்தால் நிறம் மெல்லத் திரும்பும். பிஎச் 10, 11-ல் அருமையாக நீங்குகிறது என்று எழுதப்பட்ட மாலகைட் கிரீன் முடிவுகளைப் பார்க்கும்போதெல்லாம் சாயக் குடுவையின் எண் எங்கே என்று தேடுவேன்.

இவை எதுவும் இல்லாமல், வடிகட்டாத குடுவையில் மறுநாள் நிறம் கொஞ்சம் ஏறியிருந்தால், ஒட்டிய சாயம் கழன்று வருகிறது என்று பொருள். பிஎச் நழுவியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தூளே தண்ணீரின் பிஎச்-ஐ மாற்றும். சாம்பல் கலந்த உமிக்கரி அதை மேலே தள்ளும், புளிக்கத் தொடங்கிய தோல் கீழே இழுக்கும்.

"தூள் போடாத குடுவையிலும் சாயம் குறைந்திருக்கிறது"

வடிகட்டிய தாளை எடுத்துப் பாருங்கள். நடுவே நீல வட்டம் இருக்கிறதா? வடிதாள் முழுக்க செல்லுலோஸ். கரும்புச் சக்கைக்கு அது உடன்பிறப்பு. மெத்திலீன் புளூவைச் சக்கை எப்படிப் பிடிக்கிறதோ தாளும் அப்படியே பிடிக்கும். நீர்த்த கரைசல்களில் இந்த இழப்பு முடிவையே தலைகீழாக்கிவிடும். வேகமாகச் சுழற்றித் தூளை அடியில் படியவைக்கும் சென்ட்ரிஃபியூஜ் இருந்தால் அதில் சுற்றித் தெளிந்த நீரை எடுங்கள். இல்லையென்றால் முதலில் வடிகிற 10 மி.லி.யைக் கொட்டிவிட்டு அடுத்ததை அளங்கள். அளவுத்திருத்தக் கரைசல்களையும், அதாவது கருவியின் எண்ணைச் செறிவாக மாற்ற உதவும் தெரிந்த செறிவுக் கரைசல்களையும், அதே மாதிரி வடிகட்டுங்கள். நேர்மின் சாயங்கள் கண்ணாடிச் சுவரிலும் குவெட்டிலும் (கருவிக்குள் மாதிரியை வைக்கும் சிறு கலம்) ஒட்டும், ஒவ்வொரு அளவுக்கும் நடுவே எத்தனால் விட்டுக் கழுவ வேண்டும். ஜன்னலோரம் வைத்த குடுவை வெயிலிலும் வெளுக்கும்.

"நூறு சதவீதத்துக்கு மேல் வருகிறது, அல்லது எண்கள் ஏறுக்குமாறாக இருக்கின்றன"

மெத்திலீன் புளூ மிக வீரியமான நிறம். லிட்டருக்கு 5 மி.கி. இருந்தாலே ஒரு சென்டிமீட்டர் குவெட்டில் அப்சார்பன்ஸ், அதாவது ஒளியை விழுங்கும் அளவு, சுமார் 1-ஐத் தொட்டுவிடும். 50 மி.கி. கரைசலை அப்படியே கருவியில் வைத்தால் வரும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. செறிவு கூடக்கூட மூலக்கூறுகள் இரண்டிரண்டாகச் சேரும், 612 நானோமீட்டர் பக்கம் ஒரு மேடு எழும், கோடு வளையும். 1 முதல் 5 மி.கி/லி வரை அளவுத்திருத்தம் போட்டு, மாதிரிகளை நீர்க்கச் செய்து அந்த எல்லைக்குள் கொண்டுவாருங்கள்.

மிதக்கும் நுண்தூளும் ஒளியைச் சிதறடித்து, சாயம் அதிகமிருப்பதுபோலக் காட்டும். ஒரு எளிய சோதனை: மெத்திலீன் புளூ 800 நானோமீட்டரில் ஏறக்குறைய ஒளியை விழுங்குவதில்லை. அங்கே எண் பூச்சியத்தில் நிற்கவில்லை என்றால் கலங்கல் இருக்கிறது, மறுபடி சுற்றுங்கள்.

மெத்தில் ஆரஞ்சு 3.1-க்குக் கீழே சிவப்பு, 4.4-க்கு மேலே மஞ்சள். குடுவைக்குக் குடுவை பிஎச் வேறுபட்டால் நீங்கள் அளப்பது சாயத்தையா பிஎச்-ஐயா என்று தெரியாது. அளக்கும் முன் எல்லா மாதிரிகளையும் ஒரே பிஎச்-க்குக் கொண்டுவாருங்கள்.

சாயப்பொடி டப்பாவின் லேபிளையும் ஒருமுறை படியுங்கள். சாயத்தின் தூய்மை நூறு சதவீதம் இருப்பது அபூர்வம். மெத்திலீன் புளூ தன்னுள் தண்ணீர் மூலக்கூறுகளையும் வைத்திருக்கும்.

"தூளைக் கூட்டினால் நீக்கம் கூடுகிறது, ஆனால் கொள்ளளவு குறைகிறது"

இது கோளாறே இல்லை. ஆனால் இதைப் பார்த்துக் கலங்குபவர்கள் அதிகம் என்பதால் கணக்கைப் போட்டே காட்டுகிறேன். கொள்ளளவு என்பது ஒரு கிராம் தூள் பிடித்துவைக்கும் சாயத்தின் அளவு. 100 மி.லி. தண்ணீர், ஆரம்பச் செறிவு 50 மி.கி/லி. 0.1 கிராம் தூள் போட்டபின் 20 மி.கி/லி மிஞ்சினால் நீக்கம் 60 சதவீதம். ஒட்டிய சாயம் 3 மி.கி., அதாவது ஒரு கிராம் தூளுக்கு 30 மி.கி. அதே நீரில் 0.5 கிராம் போட்டு 4 மி.கி/லி மிஞ்சினால் நீக்கம் 92 சதவீதம். ஒட்டியது 4.6 மி.கி., கிராமுக்கு 9.2 மி.கி.தான். தூள் நிறைய, சாயம் கொஞ்சம். பாதி இருக்கைகள் காலி.

இரண்டு தூள்களை ஒப்பிடுவதற்குச் சதவீதத்தை எடுத்துக்கொள்ளாதீர்கள். தூளை அள்ளிக் கொட்டினால் எதுவும் 95 சதவீதம் காட்டும். செறிவை ஏற்றிக்கொண்டே போய், கிராமுக்கு இத்தனை மி.கி. என்பதற்கு மேல் ஏறாத தட்டையான இடத்தைக் கண்டு, அதை ஒப்பிடுங்கள். செறிவுக்கும் ஒட்டும் அளவுக்கும் உள்ள உறவைச் சொல்லும் லாங்மியூர் சமன்பாட்டைப் பொருத்துவதற்கும் அந்தத் தட்டைப் பகுதி வேண்டும். ஏறுமுகத்திலேயே நிறுத்திவிட்டு உச்சக் கொள்ளளவு சொல்வது, மலையில் பாதி ஏறிவிட்டு உயரம் சொல்வதற்குச் சமம்.

வேகக் கணக்கில் இன்னொரு பொறி. நேரத்தை ஒட்டிய அளவால் வகுத்து நேரத்துக்கு எதிரே வரைந்தால் நேர்கோடு வந்தே தீரும், ஏனென்றால் நேரம் இரண்டு அச்சிலும் இருக்கிறது. சமநிலை அடைந்தபின் எடுத்த புள்ளிகள் நிறைய இருந்தால் பொருத்தம் 0.999 காட்டும். அதை வைத்து வேதிப்பிணைப்பு நடந்தது என்று முடிவு கட்டாதீர்கள். முதல் பத்து நிமிடத்தில் நெருக்கமாகப் புள்ளிகள் எடுங்கள்.

"ஒரே சோதனையை மூன்று முறை செய்தால் மூன்று விடை"

தூளில் ஈரம் இருக்கும். மழை நாளில் திறந்துவைத்த டப்பாவும் வெயில் நாளில் மூடிவைத்த டப்பாவும் ஒன்றாகாது. 105 டிகிரியில் ஒரு சிறு பங்கை உலர்த்தி ஈரத்தைக் கணக்கிடுங்கள். டப்பாவின் மேலே தடித்த துகள், அடியில் நுண்தூள் என்று பிரிந்திருக்கும், கலக்கிவிட்டு எடுங்கள். குலுக்கும்போது குடுவைச் சுவரில் மேலே ஒட்டிக் காய்ந்த தூள் வேலை செய்வதில்லை. இந்த மூன்றையும் சரிசெய்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

"ஆய்வகச் சாயத்தில் அருமை, சாயப்பட்டறை நீரில் ஒன்றுமில்லை"

பலர் மனம் உடைவது இங்கேதான். தூள் மோசமில்லை, தண்ணீர்தான் வேறு. பருத்திக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்றும்போது லிட்டருக்குப் பல பத்து கிராம் உப்பு போடுகிறார்கள், சோடாவும் போடுகிறார்கள். வெளியேறும் நீரில் உப்பு, பத்துக்கு மேல் பிஎச், சோப்பு, கஞ்சி, சூடு எல்லாம் இருக்கும். துணியில் பிடிக்காமல் தண்ணீரோடு வினைபட்டுவிட்ட (நீராற்பகுப்பு அடைந்த) சாயமும் இருக்கும். அந்தச் சாயம் எதிர்மின்சுமை கொண்டது. உங்கள் தூளும் அந்தப் பிஎச்-இல் எதிர்மின். மெத்திலீன் புளூவில் பார்த்த வெற்றி இங்கே செல்லாது.

எது தடுக்கிறது என்று கண்டுபிடிக்க, கழிவுநீரோடு முட்டிமோதாமல் நல்ல கரைசலிலிருந்து அதை நோக்கி ஒவ்வொரு படியாகப் போங்கள். தெரிந்த சாயக் கரைசலில் முதலில் உப்பு மட்டும் சேர்த்து அளங்கள், 1, 5, 20, 50 கிராம் என்று. பிறகு சோப்பு மட்டும். பிறகு பிஎச் மட்டும். எந்தப் படியில் கொள்ளளவு சரிகிறதோ அங்கே இருக்கிறது எதிரி. நேர்மின் சாயத்துக்கு உப்பு பெரும்பாலும் கெடுதல், சோடியம் அயனி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். எதிர்மின் சாயத்துக்கு, குறிப்பாகக் கரியின் மேல், உப்பு சில சமயம் உதவியும் செய்யும்.

கலப்புச் சாயநீரை ஒரே அலைநீளத்தில் அளக்காதீர்கள். 436, 525, 620 நானோமீட்டர் மூன்றிலும் அளந்தால் மஞ்சள், சிவப்பு, நீலம் எதில் நிற்கிறது என்று தெரியும். டிஸ்பர்ஸ் சாயமும் வேட் சாயமும் தண்ணீரில் சரியாகக் கரையாதவை. அவற்றைப் படிகாரம் போன்ற திரட்டும் பொருளால் முதலில் படியவைத்துவிட்டு, மிஞ்சிய நிறத்துக்குத் தூளைப் பயன்படுத்துங்கள். கரைந்த உப்பைத் தூள் ஒருபோதும் எடுக்காது. தண்ணீர் தெளிந்து நிற்கும், உப்பு முழுவதும் அதில் இருக்கும். இதை யாரிடமும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

"குழாயில் நிரப்பினால் தண்ணீர் இறங்கவில்லை, அல்லது சாயம் சீக்கிரமே கசிகிறது"

குடுவைக்கு அரைத்த நுண்தூளையே குழாயிலும் நிரப்பினால் அடைத்துக்கொள்ளும். அரை முதல் ஒரு மில்லிமீட்டர் துகள் எடுங்கள். நார்த்தூள் தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீர் குடித்து உப்பும். உலர்ந்ததை நிரப்பிவிட்டுத் தண்ணீர் விட்டால் குழாயே விரிசல் விடலாம். இரவு முழுக்க ஊறவைத்து, கூழாகவே ஊற்றி நிரப்புங்கள். அடியிலும் மேலேயும் கண்ணாடிப் பஞ்சும் மணலும் வையுங்கள், இல்லையென்றால் உமி மிதந்து மேலே வந்துவிடும்.

சீக்கிரம் கசிந்தால் கண்ணாடிக் குழாயைச் சுற்றிப் பாருங்கள். நீலம் சமமான பட்டையாக இறங்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் விரல்போல நீண்டு இறங்கியிருந்தால் தண்ணீர் குறுக்குவழி கண்டுபிடித்துவிட்டது. காற்றுக் குமிழ் சிக்கியிருக்கும். பிரித்து மறுபடி நிரப்புவதைத் தவிர வழியில்லை. கீழிருந்து மேலாகத் தண்ணீர் ஏற்றினால் குமிழ் வெளியேறும், இந்தச் சிக்கல் குறையும். பட்டை சமமாக இருந்தும் கசிந்தால் வேகத்தைப் பாதியாக்குங்கள். குடுவையில் சமநிலைக்கு ஒரு மணி நேரம் கொடுத்தோம், குழாயில் தண்ணீர் தூளோடு இருப்பதோ சில நிமிடங்கள்.

"இரண்டு மூன்று நாளில் நாற்றமும் வழவழப்பும்"

தாவரத் தூள் பாக்டீரியாவுக்கு உணவு. நாற்றம் மட்டும் என்றால் சகித்துக்கொள்ளலாம். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. காற்றில்லாத சூழலில் பாக்டீரியாக்கள் அசோ சாயத்தின் நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பை உடைக்கும். நிறம் அழகாக மறையும். மிஞ்சுவது நிறமற்ற அரோமாட்டிக் அமீன்கள், அவற்றில் சில புற்றுநோய் உண்டாக்குபவை. காங்கோ ரெட் உடைந்தால் பென்சிடின் வரும். சிவப்பாக இருந்தபோது எல்லாரும் ஒதுங்கிய தண்ணீரை, தெளிந்தபின் யாரோ கைவைத்து அள்ளுவார்கள்.

மூன்று அடையாளங்கள் சேர்ந்தால் உஷாராகுங்கள்: தூளில் நிறம் ஏறவில்லை, அழுகல் வாடை அடிக்கிறது, புற ஊதாப் பகுதியில் முன்பு இல்லாத உச்சி தெரிகிறது. அந்த நீரைக் கொட்டாமல் தனியே சேர்த்து வையுங்கள். நாள்கணக்கில் ஓடும் குழாய்க்குக் கழுவிய தூளைவிடக் கரிதான் பாதுகாப்பு, அது அவ்வளவு எளிதில் அழுகாது.

"மறுபயன்பாட்டில் கொள்ளளவு விழுகிறது, தீர்ந்த தூளை என்ன செய்வது?"

நேர்மின் சாயத்தை 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலமும், எதிர்மின் சாயத்தை அதே செறிவுச் சோடியம் ஹைட்ராக்சைடும் கழற்றும். ஒவ்வொரு சுற்றிலும் எவ்வளவு ஒட்டியது, எவ்வளவு கழன்றது என்று இரண்டையும் எழுதுங்கள். 10 மி.கி. ஒட்டி 6 மி.கி. கழன்றால் மிச்ச 4 மி.கி. தூளிலேயே இருக்கிறது, அடுத்த சுற்றில் அந்த இடம் கிடையாது. தூளையும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இழக்கிறோம். இரண்டாம் சுற்றுக்குமுன் எடை போட்டால் பாதி மர்மம் தீரும்.

கழற்றிய நீர் முன்பைவிட அடர்த்தியான சாயநீர், அதோடு அமிலமும் கலந்தது. உமிபோன்று மலிந்து கிடக்கும் பொருளுக்கு இந்தச் சுற்று பெரும்பாலும் பலன் தராது என்பது நான் பார்த்தவரை. செலவு செய்து தயாரித்த கரிக்கு வேண்டுமானால் யோசிக்கலாம்.

தீர்ந்த தூளை உரக்குழியில் போடாதீர்கள், வயலில் இறைக்காதீர்கள், திறந்தவெளியில் கொளுத்தாதீர்கள். சாயத்தில் குளோரினும் உலோகமும் இருக்கலாம். உலர்த்தி, மூட்டைகட்டி, அபாயக் கழிவை ஏற்கும் அனுமதி பெற்ற எரிகலனுக்கோ சிமென்ட் சூளைக்கோ அனுப்ப வேண்டும். அனுப்புமுன் ஒரு கசிவுச் சோதனை: 5 கிராம் தீர்ந்த தூளை 100 மி.லி. நல்ல தண்ணீரில் போட்டு 24 மணி நேரம் குலுக்குங்கள். தண்ணீரில் நிறம் ஏறினால் அந்த மூட்டையை மழை படுகிற இடத்தில் ஒரு நாள்கூட வைக்கக் கூடாது. சாயத்தின் பெயர், தூளின் பெயர், தேதி மூன்றையும் மூட்டையின் மேலேயே எழுதிவிடுங்கள்.